கேமரன் மலைத் தேயிலையும் சுற்றுலாத் தொழிலும்

சேரன் செங்குட்டுவன் மலைவளம் காண விரும்பித் தேவி வேண்மாளோடும் பரிவாரத்தோடும் பேரியாற்றங்கரையில் சென்று தங்கினான் என்று சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதை கூறும். அவன் காணச் சென்றது மலையை; கேட்டுத் திரும்பியதோ ஒரு பெண்ணின் வரலாற்றை. மலைபடு பொருள்களைக் காணிக்கையாகச் சுமந்து வந்த குன்றக் குறவர், வேங்கை மர நிழலில் தாம் கண்ட காட்சியை மன்னனிடம் சொல்லியிராவிடின் வஞ்சிக் காண்டமே எழுந்திராது.

இன்று பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கும் மலைவளம் காண்போர் வருகின்றனர். அரசர் அல்லர், ஆனால் தொகையில் மிகப் பலர். பள்ளி விடுமுறை நாள்களில் தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வழியாகக் கியா பண்ணை வரை வண்டிகள் நத்தையென ஊர்வதைக் கண்டவர் இத்தொழிலின் அளவை உணர்வர். வருவோர் தேயிலைச் சரிவுகளைக் கண்டு களிக்கின்றனர், நிழற்படம் எடுக்கின்றனர், ஸ்ட்ராபெரியும் முட்டைக்கோசும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். குன்றக் குறவரைப்போல் எதிர்வந்து கதை சொல்வாரை அவர்கள் சந்திப்பது அரிது. கதை இல்லாமையால் அன்று. அதைச் சொல்வதற்கு இடம் வைக்காமையால்.

இம்மலையின் சுற்றுலாத் தொழில் எவ்வாறு எழுந்தது, பொருளாதார நெருக்கடிகளுக்கிடையே எவ்வாறு வளர்ந்தது, அதன் முதல் எது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். முதல் என்று நாம் குறிப்பது வங்கியில் கிடக்கும் பணத்தை அன்று. எது இல்லையேல் வருவோர் வாராரோ, அதை.

மலையும் பாதையும்

கேமரன் மலை பகாங் மாநிலத்து மாவட்டங்களுள் மிகச் சிறியது. பரப்பு 712 சதுரக் கிலோமீட்டர். மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக்கும் கிளந்தானும் எல்லையாக அமைந்தது. பகாங்கைச் சேர்ந்ததாயினும், நெடுங்காலம் பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்தே இதற்கு வழி இருந்தது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஊர்கள் படிப்படியாக உயர்ந்து செல்கின்றன. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. பிரிஞ்சாங் மலைமுடி 2,000 மீட்டரைக் கடந்தது. சமவெளியில் வெயில் 33 பாகையாய்க் காயும்போது இங்கே 20 பாகையை ஒட்டி நிற்கும்.

செமாய் மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் மலை இது. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் இப்பகுதிக்கு வந்து, மலைகளுக்கிடையே அகன்ற மேட்டுநிலம் ஒன்று உண்டென எழுதினார். அவ்வெழுத்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு பயனற்றுக் கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, இதனை மலைவாசத் தலமாக்குதல் வேண்டும் என்று முயன்றார். அடுத்த ஆண்டு தாப்பாவிலிருந்து பாதை வெட்டத் தொடங்கினர். 1931 அளவில் அது தானா ராத்தாவை எட்டியது. ஆகவே, உல்லாசத்துக்காக மலையேற வேண்டும் என்ற எண்ணம் தேயிலைக்குப் பின் வந்ததன்று. இரண்டும் ஒரே பாதையில், ஏறத்தாழ ஒரே ஆண்டில் ஏறியவை.

மந்த காலத்துப் பயிர்

அந்த ஆண்டு எத்தகையது என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும். 1929இல் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. மலாயாவின் உயிர்நாடியாக இருந்த பால்மரத்தின் விலை சரிந்தது. 1930 முதல் 1932 வரை, வேலையிழந்த இந்தியத் தொழிலாளருள் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். கப்பலேறி வந்த வழியே கப்பலேறிப் போனார்கள். அதே 1929இல்தான் ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் என்பவரைத் துணையாகக் கொண்டு, போ தோட்டத்தைத் தொடங்கினார். ரசல் ஈயம், பால்மரம், பத்து ஆராங் நிலக்கரி எனப் பல தொழில் செய்தவர். ஒரு பயிரையே நம்பிய நாடு அப்பயிர் விழுந்தால் தானும் விழும் என்பதைக் கண்டவர். தோட்டம் பயன் தருவதை நெடிது காணாமல் 1933இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே, வட இந்தியரான அகர்வால் குடும்பத்தார் பாரத் தேயிலைத் தோட்டத்தை அமைத்தனர். தேயிலை விலையும் அக்காலத்தில் தாழ்ந்தே கிடந்தது. இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்றும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த உடன்பாடு செய்துகொண்டதும் 1933இல்தான். அந்நாளில் இம்மலையில் தேயிலை நட்டவர்களின் துணிவு சிறிதன்று.

'போ' என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். சீனத்துப் பூஜியான் மாநிலத்தில் தேயிலைக்குப் பேர்போன வூயி மலையை ஆங்கிலேயர் போஹீ என்று வழங்கினர். அதன் முதற்பகுதியே தோட்டத்துக்குப் பெயராயிற்று என்பர். தமிழில் அச்சொல் ஏவல் வினையாக ஒலிப்பது தற்செயலே. எனினும், கங்காணியின் வாயில் 'போ' என்னும் சொல்லை நாளும் கேட்ட மக்களுக்கு அது தற்செயலாகத் தோன்றியிராது.

அத்தோட்டம் காடழித்த கதையைச் சொல்வோர், ஒரே ஒரு நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும் கூலியாள்களும் கொண்டு செங்குத்தான காடு திருத்தப்பட்டது என்பர். உருளைக்கும் கழுதைக்கும் கதையில் இடம் உண்டு. ஆள்களின் பெயர் மட்டும் அங்கே காணப்படுவதில்லை. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் ஒழிந்தது. அதன்பின் கங்காணி வழியாகவும் தாமாகவும் வந்தவர்கள் இவர்கள். 1938இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் ஏறியவர்களும் அவர்கள் மக்களுமே இம்மலைத் தேயிலையை அடுத்த நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தாங்கினர். லயங்கள் எழுந்தன, லயத்தின் மேட்டில் கோயில் எழுந்தது, அதையடுத்துப் பள்ளி எழுந்தது.

காட்சி என்பது விளைபொருள்

தேயிலைச் செடியை இயற்கை தந்த பச்சையென்றே பலரும் எண்ணுகின்றனர். அது பெரும் பிழை. தேயிலை செடியன்று, மரம். தொடாமல் விட்டால் இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்து, பூத்துக் காய்த்துக் காட்டோடு காடாகிவிடும். அதை இடுப்பளவில் நிறுத்துவது கை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரும்பும் அதையடுத்த இளம் இலைகளுமாகக் கொழுந்து பறிக்கப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, தழைகளை நீக்கி, தண்டை மட்டும் நிற்க விடுகின்றனர். அவ்வாறு பறித்தும் வெட்டியும் வருவதால்தான் புதரின் தலை தட்டையாகிறது. ஆள் நுழையும் வரிசைகள் கோடுகோடாகத் தெரிகின்றன. சரிவு முழுதும் சீவி விட்டாற்போல் விளங்குகிறது. சுங்கை பாலாஸ் தோட்டத்துப் பார்வை மேடையில் நின்று நாம் வியப்பது அக்கோடுகளையே. பறிப்போர் ஓராண்டு வாராதிருந்தால் அக்கோடுகள் கலைந்துபோகும்; சில ஆண்டு வாராதிருந்தால் காட்சியே இல்லை.

ஆகவே நாம் வினவிய முதல் இது: கொழுந்து பறிக்கும் கையின் உழைப்பு. குளிரும் ஒரு முதலே. ஆனால் குளிர் கெந்திங் மலையிலும் பிரேசர் மலையிலும் உண்டு. தேயிலைச் சரிவு கேமரனுக்கே உரியது.

இனிச் சுற்றுலாத் தொழிலின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். தொடக்கத்தில் மலைவாசம் ஆங்கிலேயரின் உடல்நலத்துக்கும் ஓய்வுக்கும் ஏற்பட்டது. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். மலைப்பாதையில் செல்வோர்க்கு அச்சம் இருந்தது. பின்னர் மெல்ல மெல்ல உள்நாட்டு மக்கள் ஏறத் தொடங்கினர். தாய்லாந்துப் பட்டுத் தொழிலில் பேர்பெற்ற ஜிம் தாம்சன் 1967ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிருந்து காணாமற் போனதால் மலையின் பெயர் உலக நாளேடுகளில் அடிபட்டது. அம்மறைவு இன்றுவரை துலங்கவில்லை. ஒரு மனிதர் தொலைந்ததை இன்றும் விளம்பரமாகக் கூறுவோர் உண்டு.

பெரிய திருப்பங்கள் ஏற்பட்டவை பொருளாதாரம் சரிந்த காலங்களில். 1985, 1986ஆம் ஆண்டுகளில் ஈயம், பால்மரம், செம்பனை முதலியவற்றின் விலை வீழ நாடே தளர்ந்தது. 1987இல் பண்பாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் தனி அமைச்சு ஏற்பட்டது. 1990 முதலாவது 'மலேசியாவுக்கு வருகை புரியும் ஆண்டு' ஆயிற்று. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. 1998இல் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 வெள்ளி என்று மதிப்புக் கட்டப்பட்டது. வெளிநாடு செல்வது மக்களுக்குச் செலவு மிக்கதாக, உள்நாட்டு மலையே போதும் என்று பலர் திரும்பினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈப்போவுக்கு அருகேயுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து இரண்டாம் பாதை திறக்கப்பட்டதும் நெரிசல் பெருகியது.

கடைசி நெருக்கடி நோயினால் வந்தது. 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. விடுதிகள் மூடின. கீழே கொண்டுசெல்ல வழியின்றி மலைக் காய்கறிகளை உழவர் கொட்டினர். அயல்நாட்டுத் தொழிலாளர் வரவும் அவ்வாண்டு நிறுத்தப்பட்டது. 2021 அக்டோபர் 11ஆம் நாள் மாநிலம் விட்டு மாநிலம் செல்லத் தடை நீங்கியது. கேமரன் மலைப் பாதை மீண்டும் வண்டிகளால் நிறைந்தது. விடுதிக்காரருக்கு அது திருநாள். கொழுந்து பறிக்க ஆளில்லாத தோட்டத்துக்கு அவ்வளவு எளிதில் திருநாள் வரவில்லை. விருந்தினர் ஒரே வாரத்தில் திரும்பிவிடலாம்; பறிக்கத் தெரிந்த கை அவ்வாறு திரும்பாது.

கோப்பையின் கணக்கு

தேயிலைத் தோட்டங்கள் தாமே சுற்றுலாவை நாடியதன் காரணம் எளிய கணக்கில் அடங்கும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்துப் பொட்டலமாக்கிக் கடைக்கு அனுப்பினால், அங்கே அயல்நாட்டிலிருந்து மலிவாக வரும் தேயிலையோடு போட்டியிட வேண்டும். மலேசியர் குடிக்கும் தேயிலையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதே. அதே கிலோவைத் தோட்டத்து முற்றத்தில் கோப்பை கோப்பையாக விற்றால்? ஒரு கோப்பைக்கு 2 கிராம் எனக் கொண்டால் 500 கோப்பை. தூளாக விற்கும் விலையைப்போல் பன்மடங்கு கிடைக்கும். அந்த மிகுதி தேயிலையின் விலை அன்று, காட்சியின் விலை.

ஆனால் காட்சியின் விலையைப் பெறுவோர் பலர். காட்சியை ஆக்குவதற்குச் செலவிடுவோர் சிலர். சாலையோர விடுதியும் ஸ்ட்ராபெரித் தோட்டமும் நினைவுப்பொருள் கடையும் தேயிலைச் சரிவின் படத்தைத் தம் பலகையில் எழுதிக்கொள்கின்றன. அச்சரிவைச் சீவி வைப்பதற்கு அவை ஒரு காசும் தருவதில்லை. தோட்டத்தின் செலவோ ஏறிவருகிறது. 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலாக நடப்புக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது 900 வெள்ளி. 2025இல் 1,700 வெள்ளி. இவ்வுயர்வு முற்றிலும் நியாயமானது, காலந்தாழ்ந்தது என்பதே நம் கருத்து. ஆயினும் அச்சுமை முழுவதையும் தூளின் விலையே தாங்கவேண்டியிருக்கிறது. சரிவு மிகாத இடங்களில் பொறிகொண்டு பறிக்கின்றனர். செங்குத்தான இடத்தில் ஆள்தான் ஏறவேண்டும். அங்கே இன்று ஏறுவோருள் வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி, தமிழர் குறைந்துவிட்டனர். தோட்டத்துப் பிள்ளைகள் படித்து இறங்கியது நல்லதே. அதற்காக வருந்துவார் யாரும் இலர்.

மற்றொரு கேடும் உண்டு. வருவோர்க்கு விற்கக் காய்கறியும், தங்க வைக்க அடுக்குமாடியும் வேண்டுமென்று சரிவுகள் வெட்டப்பட்டன. வெட்டிய மண் ஆற்றில் இறங்கியது. 1960களில் நீர்மின் திட்டத்துக்காக ரிங்லெட்டில் எழுப்பிய சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரி வண்டலால் தூர்ந்துவருகிறது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் விளைந்தது. தேயிலை வேர் மண்ணைப் பற்றி நிற்பது. பிளாஸ்டிக் கூரையின்மேல் விழும் மழை மண்ணில் ஊறாமல் ஓடுவது. இவ்விரண்டையும் ஒரே 'மலை விவசாயம்' என்று கணக்கெழுதுவது சரியாகாது.

மூணாறும் கம்பளையும்

ஒத்த நிலையிலுள்ள பிற தமிழ் மலைகளையும் நோக்குதல் பயனுடைத்து. கேரளத்து மூணாற்றில் தேயிலை பறிப்போருள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்டிர். 2005இல் அங்கே தொழிலாளரும் பங்குதாரராக உள்ள கண்ணன் தேவன் நிறுவனம் அமைந்தது. நல்லதண்ணித் தோட்டத்தில் தேயிலை அருங்காட்சியகமும் உண்டு. பயணிகள் திரளாகச் செல்கின்றனர். எனினும் 2015 செப்டம்பரில், 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, அப்பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாமே திரண்டு சாலையில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்பது அவ்வெழுச்சியின் பெயர். ஊர் நின்றது, சுற்றுலாவும் நின்றது. காட்சியின் பகுதியாக மட்டுமே கருதப்பட்டவர்கள், காண வந்தோரின் வழியை மறித்த அன்றுதான் அவர்கள் முகம் நாட்டுக்குத் தெரிந்தது.

இலங்கையின் செய்தி வேறு. தேயிலை விழுந்தால் சுற்றுலா தாங்கும் என்பாருக்கு அந்நாடு ஓர் எச்சரிக்கை. 2019இல் உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்பு, அடுத்து நோய், 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை, 2022இல் நாட்டின் கடனே முறிந்தது. இரண்டு காலும் ஒருசேர இடறின. ஆனால் அங்கே நாம் கற்கத்தக்க ஒன்றும் உண்டு. கண்டிக்கு அருகே அந்தானையில் பழைய தொழிற்சாலை ஒன்றில் 2001இல் திறந்த இலங்கைத் தேயிலை அருங்காட்சியகம் பொறிகளையும் துரைமார்களையும் பற்றியது. அதற்கு மறுமொழி போல், கம்பளைப் பக்கத்தில் 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று எழுந்தது. அது அமைந்திருப்பது பழைய லயக் காம்பராக்களில். அங்கே வைத்திருப்பவை பறிப்போரின் கூடைகளும் கருவிகளும் வீட்டுப் பண்டங்களும் தாள்களும். 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைந்து, தம் முன்னோர் நடந்த தலைமன்னார்–மாத்தளைப் பாதையை மக்கள் மீண்டும் நடந்தனர். தம் கதையைத் தாமே சொல்லும் வழி அது.

கேமரன் மலையில் அத்தகைய லயம் ஒன்றேனும் காட்சிக்கு உரியதாகட்டும் என்று கேட்பது பேராசையன்று. 2017 செப்டம்பர் முதல் அயல்நாட்டுப் பயணியிடம் ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி பெறப்படுகிறது. அவ்வகை வருவாயில் ஒரு பங்கு தேயிலைச் சரிவைக் காக்கவும், பறிப்போரின் குடியிருப்பைத் திருத்தவும், அவர்கள் வரலாற்றைக் காட்டவும் தனியே ஒதுக்கப்படின் அது தருமம் அன்று. முதலுக்குச் செலுத்தும் வட்டி. 2026ஆம் ஆண்டு மீண்டும் வருகை ஆண்டாக அறிவிக்கப்பட்டிருக்கும் நிலையில், இதனைப் பகாங் அரசும் தோட்ட உரிமையாளரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

சொல்லும் ஒரு சொத்து

இங்கே ஆசிரியர்க்குரிய பகுதி ஒன்று உண்டு. 'சுற்றுலா' என்னும் சொல் நிலைபெறுமுன் நாளேடுகள் 'உல்லாசப் பிரயாணம்' என்றே எழுதின. பழைய உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் பவனி வருவான். எழுபருவ மகளிரும் அவனைக் காண்பர். அங்கே உலா வருபவன் காணப்படுபவன். இங்கே உலா வருபவனே காண்பவன். காணப்படுபவள் கூடை சுமந்து நிற்கும் பெண். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துக்கும் பெயர் வைத்த மொழியில், நிழற்படத்தில் நிற்கும் இப்பெண்ணுக்கு மட்டும் பெயர் இல்லை.

தோட்டத்துத் தமிழோ வளமானது. கொழுந்து, கவ்வாத்து, பெரட்டு, தண்டல், கிராணி, ஆயக்கொட்டகை, லயம். இவற்றுள் கொழுந்து புலவர் நாவிலும் வழங்கிய சொல். தமிழகத்தில் கவாத்து என்றால் படைப்பயிற்சியும் ஆகும், கிளை கழித்தலும் ஆகும். தேயிலை மலையில் பின்னதே வழக்கு. பெரட்டு ஆங்கிலச் சொல்லின் திரிபு. விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் அச்சடங்கைக் குறிக்க வேறு சொல் நம்மிடம் இல்லை. பால்மரத் தோட்டத்துச் சொற்கள் நாவல்களிலும் சிறுகதைகளிலும் ஓரளவு ஏறிவிட்டன. தேயிலைச் சொற்களுக்கு அந்த நல்வாய்ப்பு குறைவு.

தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் போ தோட்டத்திலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு மாணவரும் வீட்டு முதியோரிடம் பத்துச் சொல்லும், அச்சொல் பிறந்த வேலையின் விளக்கமும், பறித்த மலைச்சரிவின் பெயரும் கேட்டு எழுதிவந்தால் ஈராண்டில் ஒரு சிறு நூல் ஆகும். மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்து, தோட்டத்துக் கடையில் தேயிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அதை வைக்கலாம், வாங்குவோர் இருப்பர். கங்காணியோடு 1930களில் ஏறியவர்கள் இன்று இலர். அவர்கள் முதுகில் தூளி கட்டிச் சுமந்த பிள்ளைகளுக்கு இப்போது வயது எண்பதைக் கடந்துவிட்டது.